ஐந்து ஆண்டில் அழிக்கச் சொன்னது யார்?

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். முதியவர்களின் நேர்காணல் ஒலிப்பதிவுகளை ஐந்து ஆண்டில் அழிக்கச் சொல்லும் உங்கள் ஒப்புதல் படிவ வரியைப் பற்றியது இந்தக் கடிதம்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனுக்குக் கொண்டுவந்தது. அன்று தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகளுக்குத் தலைக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை குமாஸ்தா எழுதி வைத்தார். எங்கள் முன்னோர் மேல் பிரியம் வைத்தா எழுதினார்? சரக்குக் கணக்குதான். ஆனாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்றும் ஒருவர் தம் பாட்டனின் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மாவிடம் ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்ட கதையைப் பெரியம்மா சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்துகொண்டார். பெரியம்மா காலமான பிறகு அந்தப் பதிவைக் கேட்டுப் போனோம். மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். துறையில் வேறு எவருக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டிலிருந்த ஒப்புதல் படிவ நகலை எடுத்துப் பார்த்தால், கையெழுத்துக்குச் சற்று மேலே, தரவுகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படும் என்று ஒரு வரி. பெரியம்மா கேட்டதல்ல அது. அச்சடித்தே வந்திருக்கிறது.

அந்தரங்கத்தைக் காக்கத்தான் என்பீர்கள். காக்க வேண்டியதுதான், அண்டை வீட்டார் பெயர் அடிபடும் பேச்சும் அதில் இருக்கும். ஆனால் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமே, வரலாற்றுக்கும் ஆய்வுக்கும் தேவையான பதிவுகளைத் தக்க பாதுகாப்போடு கூடுதல் காலம் வைத்திருக்க இடம் தருகிறது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோ, தன் நிதியில் விளையும் கட்டுரைகளின் ஆதாரத் தரவுகளை நிலையான அடையாள எண்ணுடன் எவரும் அணுகக்கூடிய திறந்த தரவுக் களஞ்சியத்தில் சேர்க்கும்படி 2015-லேயே சொல்லிவிட்டது. எண்ணின் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டுப் பேசுபவரையே கேளுங்கள்: அழித்துவிடவா, பூட்டி வைக்கவா, குடும்பத்துக்கு மட்டும் தரவா, எல்லோருக்கும் திறந்துவிடவா? பதிவு மாணவரின் மடிக்கணினியிலேயே தங்கிவிடாமல், பட்டம் கொடுக்குமுன் களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும். யார், எங்கே, எந்த மொழியில், எதைப் பற்றிப் பேசினார் என்ற குறிப்பும் கூடவே வர வேண்டும். அது இல்லாத கோப்பை யார் தேடி எடுப்பது? இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். 2021 ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செலவாகும், தெரியும். ஆய்வுக்கு நிதி கேட்கும்போதே இதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பேச ஆயத்தமாக இருக்கும் முதியவர்கள் சாட்ஸ்வொர்த்திலும் டொங்காட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டின் படிவம் அவர்கள் கைக்குப் போகுமுன் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசி ஒருவர்