பாப்பாவை உதைத்த சேவல்

கண்ணு,

பாப்பா காலில் சேவல் கீறிய தடத்தைப் போட்டோவில் பார்த்தேன். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாயா? ஆழமாக இருந்தால் ஊசி போடவேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடு.

மாப்பிள்ளை அன்றைக்கே சேவலைக் குழம்பு வைக்கச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஐந்தாறு மாதத்தில் கூவ ஆரம்பித்து, பெட்டையை மிதிக்கத் தொடங்கும்போதே சேவலுக்கு இந்த வேகம் வந்துவிடும். காவல் காப்பதுதான் அதன் குணம். மேலே பருந்து தெரிந்தால் மெலிசாக இழுத்து ஒரு சத்தம் கொடுக்கும். பெட்டைகள் உடனே செடிக்கடியில் பதுங்கும். கீரியோ நாயோ வந்தால் சத்தமே வேறு, விடாமல் கொக்கரிக்கும். புழு கிடைத்தால் தான் விழுங்காமல், கொத்திக் கொத்திக் கீழே போட்டுப் பெட்டையைக் கூப்பிடும். அப்படிப்பட்ட சேவலை லேசில் இழந்துவிடக்கூடாது.

உன் சேவல் பாப்பா மடியில் வளர்ந்தது. கையிலேயே வைத்துக் கொஞ்சிய சேவலுக்கு ஆள் பயம் விட்டுப்போகும், மனிதரையும் போட்டிச் சேவலாக நினைக்கும். பாயுமுன் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசத் தாழ்த்திக்கொண்டு சாய்வாக வரும், கழுத்து இறகு சிலிர்த்து நிற்கும். அப்போது ஓடாதே. விளக்குமாற்றால் அடிப்பதையும் மாப்பிள்ளையை நிறுத்தச் சொல், அடிக்க அடிக்க அது சண்டைக்குத்தான் நிற்கும். நிதானமாக அதன் பக்கமே நடந்து போ, அது விலகட்டும். இருட்டினபின் தூக்கி, இறக்கையைச் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நட. பாப்பா இப்போதைக்குத் தீவனம் போட வேண்டாம்.

ஆறு பெட்டைக்கு இரண்டு சேவல் அதிகம். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது வேண்டும். வெள்ளைப் பெட்டையின் முதுகில் இறகு போய்த் தோல் தெரிகிறதே, இரண்டும் மாறி மாறி மிதிப்பதால்தான். ஒன்றைப் பஞ்சாரத்தில் பல நாள் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப விடாதே. புதுச்சேவலைக் கண்டதுபோல் ரத்தம் வரச் சண்டை போடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாப்பா மேல் பாய்ந்தால் அன்றைக்கே முடிவு செய்துவிடு. பாப்பா உயரத்துக்கு அது தாவினால் நகம் கண்ணில்தான் குத்தும். இரக்கப்பட்டு அக்கம்பக்கத்தில் தூக்கிக் கொடுக்காதே, அங்கேயும் குழந்தை இருக்கும். அது மிதித்த பெட்டையின் முட்டையை அடைக்கும் வைக்காதே, குணம் குஞ்சுக்கும் இறங்கும். சேவல் போனபின்னும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் கரு முட்டையில் இருக்கும். அதுவரை வருகிற முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் அடை வை.

அம்மா