ஆடியிலேயே மாற்றிவிடு

பாளையங்கோட்டை,
ஆடி 4

அன்புள்ள மணிக்கூண்டுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஹாஸ்டலில் தினமும் ஐந்து மணிக்கு எல்லோரையும் உலுக்கி எழுப்பினவளுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் மணிக்கூண்டு. அவளே இன்று "பார்லர்ல அப்பாயின்ட்மென்ட் குழறுபடி தாங்க முடியலை, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் சொல்லு" என்று எழுதுகிறாள். படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பல் டாக்டருக்கு நின்றே பிழைப்பு, வேறென்ன.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மணப்பெண்களுக்குத் தேதி கொடுத்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு அடுத்த தெரு பார்லர்க்காரியைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன் என்று எழுதியிருந்தாயே, அது மென்பொருள் இல்லாததால் வந்த வினையா என்று முதலில் யோசி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தேதி உன் கைப்பேசிக்கு வந்தது, இன்னொன்று கடைப் பெண் நோட்டில் எழுதினாள். இரண்டு இடத்தில் எழுதினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. போனில் கேட்டாலும், வாட்ஸ்அப்பில் கேட்டாலும், நேரில் வந்து கேட்டாலும் எழுதுவது ஒரே இடத்தில் என்று நீ இன்றைக்கே சட்டம் போட்டுவிடலாம், காசு செலவில்லாமல்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விற்பனைக்காரர் லேப்டாப்போடு கிளினிக்குக்கு வந்தார். திரையில் எல்லாம் வண்ண வண்ணக் கட்டங்கள், இழுத்துவிட்டால் நகர்கிறது. மயங்கி ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினேன். நோயாளிகளுக்கு முந்தின நாள் எஸ்எம்எஸ் போகும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திரையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக் விழும். ஆனால் வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் "மெசேஜா, ஒண்ணும் வரலையே டாக்டர்" என்பார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி இங்கே வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால், அனுப்புகிறவராகத் தெரிகிற பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்கிற தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதியாத வாசகத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் வழியிலேயே தடுத்துவிடும். விற்றவர் இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. எஸ்எம்எஸ்ஸுக்குத் தனியாகக் காசு வேறு வாங்கியிருந்தார்கள்.

அடுத்த அடி கார்டில் விழுந்தது. அந்த மென்பொருளுக்கு டாலர் சந்தா, வருஷம் முடிந்ததும் கார்டிலிருந்து தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. 2021 அக்டோபரிலிருந்து கார்டில் மாதாமாதமோ வருஷா வருஷமோ தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி தனி அனுமதி முறை வைத்திருக்கிறது இல்லையா, அதற்குள் வராத வெளிநாட்டு நிறுவனங்களின் பில் திடீரென்று நின்றுபோகும். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் முன்பதிவுப் பக்கம் மூடியிருந்தது. ரிசப்ஷன் அக்கா ஒன்றுமே நடக்காதது போல மேசை டிராயரைத் திறந்து பழைய நோட்டை எடுத்தாள். அதுவரையிலும் திரையில் இருந்ததையெல்லாம் தினமும் அதில் ஒரு பிரதி எழுதி வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் அந்த நோட்டை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். இருபது வருஷமாக அவள் பென்சிலில்தான் எழுதுகிறாள், அழிக்க வசதியாக. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. என்ன அக்கா இது என்றேன். "அவங்க அஞ்சுன்னா அஞ்சரைக்குத்தான் வருவாங்க டாக்டர், அதான் அடுத்தவங்களை அஞ்சேகாலுக்கு வரச் சொல்லிருவேன்" என்றாள். இரண்டு புள்ளி வைத்தவர்கள் வராமலே இருந்துவிடுகிறவர்கள். வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை புதுப் பெயரே கிடையாது, பழைய ஆட்கள் மட்டும்தான். ராகு காலம்! திருநாகேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை பல் பிடுங்க யாரும் அந்த நேரத்தில் வரமாட்டார்கள். தையல் பிரிக்க, கம்பி இறுக்க வருவார்கள். நான் வாங்கிய மென்பொருள் வாரா வாரம் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் புது ஆட்களுக்குத் திறந்து வைத்துக் காலியாகவே மூடிக்கொண்டிருந்தது. இப்போது வெள்ளி பத்தரையும் செவ்வாய் மூன்று மணியும் தொடர் சிகிச்சைக்கு மட்டும் என்று போட்டிருக்கிறோம். நிரம்பிவிடுகிறது.

அதனால் நீ கடை கடையாகப் பார்ப்பதற்கு முன்னால் உன் நோட்டில் ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டு. எங்கே நேரம் ஒழுகுகிறது என்று பார். என் கிளினிக்கில் ஒழுகியது ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில். ஒருவர் எழுந்து போனதும் இடத்தைத் துடைத்து, கருவிகளை மாற்றி வைக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வெந்து முடிகிற வரை அந்தக் கருவிகளை அடுத்தவருக்குத் தொட முடியாது. மென்பொருளில் அந்த இடைவெளிக்கு இடமில்லை என்றால் மத்தியானத்துக்குள் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடுவேன்.

உன் கடையில் ஒழுகல் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். தலைக்குச் சாயம் பூச அரை மணி, ஊற வைக்க முப்பது நாற்பது நிமிஷம், அலசி உலர்த்த இன்னொரு அரை மணி. நடுவில் ஊறுகிற நேரத்தில் உன் பெண்ணுக்குக் கை சும்மாதான், அப்போது ஒரு புருவம் திருத்தி முடித்துவிடலாம். நோட்டில் நீ அதை மனக்கணக்காகச் செய்கிறாய். பல மென்பொருள்கள் சாயத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஆளையும் நாற்காலியையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஃப்ரெஷா மாதிரி சலூனுக்கென்றே செய்தவற்றில் இந்த ஊறும் நேரத்தைத் தனியாகக் குறிக்க வழி இருக்கிறது. இன்னொன்று, முதல் தடவை சாயம் போடுகிறவர்களுக்குக் ஒவ்வாமை வருகிறதா என்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து நாற்பத்தெட்டு மணி நேரம் விடுவாய் அல்லவா? அப்படியானால் அந்தச் சேவையை இன்றைக்கோ நாளைக்கோ யாரும் பதிய முடியாதபடி பூட்டத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் விற்பனைக்காரரிடம் கேள். "செய்யலாம் மேடம்" என்று சொன்னால் போதாது, உன் கண் முன்னால் செய்து காட்டச் சொல்.

கேலண்ட்லி என்கிற நேரம் குறிக்கும் மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல பொருள்தான், ஆனால் உனக்கானது இல்லை. அட்லாண்டாவில் 2013இல் டோபே அவோடோனா என்கிற நைஜீரியக்காரர் தொடங்கியது. விற்பனை வேலை பார்த்தவர். ஒரு சந்திப்புக்கு நேரம் குறிக்க மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாகப் போய் வந்து அலுத்துப்போய்ச் செய்தது. அதனால் அதற்கு 'இந்த ஆள் எப்போது ஓய்வு' என்பதுதான் கேள்வி. உன் கேள்வி 'இந்த ஆளும், இந்த நாற்காலியும், உள் அறையும் சேர்ந்து எப்போது ஓய்வு'. உன் அண்ணன் ஆடிட்டர் அல்லவா, அவருக்குச் சொல், பொருத்தமாக இருக்கும். பிராக்டோ பெங்களூரில் 2008இல் மருத்துவர்களுக்கென்று தொடங்கியது. நோயாளியின் சிகிச்சை விவரம் வரை அதில் உண்டு, பார்லருக்கு எதற்கு? கூகுள் காலண்டரிலேயே முன்பதிவுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆள் நடத்துகிற கடைக்கு அதுவே போதும்.

நான் இப்போது வைத்திருப்பது ஜோஹோ புக்கிங்ஸ். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது, இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், அந்த ஊர்ப் பாசமும் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரூபாயில் பில் வருகிறது, ஆளோடு சேர்த்து அறை, கருவி போன்றவற்றுக்கும் பதிவு வைக்கலாம். ஆனால் எதை வாங்கினாலும் விலையை ஒழுங்காகக் கணக்குப் போடு. விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் 'ஓர் ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு, வருஷம் முழுக்க மொத்தமாகக் கட்டினால்'. உன்னிடம் நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாலால் பெருக்கி, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு, அப்புறம் பார்.

வாட்ஸ்அப்புக்கும் தனிக் கணக்கு. போனில் சும்மா கிடைக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம்தான், ஆனால் அதில் நினைவூட்டலை நீயேதான் தட்டி அனுப்ப வேண்டும். மென்பொருள் தானாக அனுப்ப வேண்டுமென்றால் அது வேறு சேவை, 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் காசு. 'நாளை காலை 11 மணிக்கு உங்கள் நேரம்' என்று மட்டும் எழுதினால் குறைந்த விலை. அதன் கீழேயே 'ஃபேஷியலுக்கு 20 சதவீதத் தள்ளுபடி' என்று ஒட்டினால் அது விளம்பரமாகிவிடும், விலை பல மடங்கு ஏறும். உன் குணம் எனக்குத் தெரியும், ஒட்டாமல் இருக்கமாட்டாய். ஒட்டாதே.

வாங்குவதற்கு முன்னால் நாங்கள் செய்த சோதனைகளைச் சொல்கிறேன், நீயும் செய். நானும் அக்காவும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, ஒரே நாள், ஒரே நேரம், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஒன்றாக அழுத்தினோம். ஒரு மென்பொருள் இரண்டு பேருக்குமே 'உறுதியானது' என்று சொல்லிற்று. அதை அங்கேயே அழித்தோம். அப்புறம் அக்காவின் பழைய போனில், ஒரே ஒரு கோடு சிக்னலில், மாடிப்படிக்குக் கீழே நின்று பதியச் சொன்னேன். இன்னொரு மென்பொருளில் மின்னஞ்சல் முகவரி கொடுக்காமல் மேலே போகவே முடியவில்லை. "மெயில் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு" என்று போனை என்னிடம் நீட்டினாள். அதோடு அதுவும் போயிற்று. வேறொன்று தேதியை 04/05 என்று காட்டியது. மே நாலா, ஏப்ரல் ஐந்தா? 'ஞாயிறு, சாயங்காலம் 4.30' என்று தமிழில் எழுத முடிகிறதா பார். 16:30 என்று போட்டால் உன் பாதி வாடிக்கையாளர்கள் ஆறரைக்கு வருவார்கள்.

வராமல் ஏமாற்றுகிறவர்களுக்கு முன்பணம் வாங்கலாமா என்று கேட்டாய். நான் வேர் சிகிச்சைக்கு மட்டும் வாங்குகிறேன், இருநூறு ரூபாய், யூபிஐயில். என் நாற்காலியை ஒரு மணி நேரம் பிடித்து வைக்கிற வேலை அது. மற்றதற்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பதினைந்து நிமிஷப் புருவத்துக்கு நீ கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு எப்படியும் அட்வான்ஸ் வாங்குகிறாய், அதை மட்டும் மென்பொருளோடு சேர்த்துவிடு, பணம் வந்தால்தான் தேதி என்று. அந்தத் தேதிகளை ஆன்லைனில் எல்லோருக்கும் திறந்துவிடாதே. பெண்ணின் அம்மாவோடு பேசாமல் எந்த முகூர்த்தத்தையும் ஒப்புக்கொள்ளாதே, மண்டபம் எங்கே, காலை நாலு மணிக்கு வண்டி யார் அனுப்புவது என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் அடங்காது.

பெயரும் போன் நம்பரும் தவிர வேறெதுவும் கேட்டு வைக்காதே. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, நம்மைப் போன்ற சின்னக் கடைகளும் அதற்குள் வரும். பிறந்த நாள், முகவரி, போட்டோ என்று சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் யார் பதில் சொல்வது? இன்னொன்றையும் முதல் நாளே பார்த்துவிடு. வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் திறக்கிற மாதிரி வெளியே எடுக்க முடிகிறதா? என் பழைய ஆள், நான் விலகுகிறேன் என்றதும் நானூறு பக்கப் பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார். ஒரு மாதம் உட்கார்ந்து அக்காவும் என் மகனும் தட்டச்சு செய்தார்கள்.

உன் கடைப் பெண்ணையும் கூடவே உட்கார வை. போனை எடுக்கிறவளுக்குப் பிடிக்காவிட்டால் எதுவும் நிற்காது. எங்கள் அக்கா இப்போது திரையில்தான் எழுதுகிறாள், ஆனால் நோயாளியின் குறிப்பு எழுதுகிற கட்டத்தில் அந்தப் புள்ளிகளை மட்டும் வைக்கிறாள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. எனக்கும் இப்போது பழகிவிட்டது.

எப்போது மாற்றுவது என்றால், இதோ இந்த ஆடியிலேயே. கல்யாணம் இல்லாத மாதம், கடை காற்றாடும். தப்புகள் எல்லாம் இப்போதே நடந்து முடியட்டும். ஆவணி பிறந்துவிட்டால் உனக்குத் தலை சொறிய நேரமிருக்காது. ஒரு மாதம் நோட்டையும் சேர்த்து எழுதச் சொல், உடனே தூக்கிப் போட்டுவிடாதே.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா? ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் எடுத்த போட்டோ அனுப்பு. அதோடு, உன் நோட்டில் போன வருஷ ஆவணிப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன். என் அண்ணன் மகளுக்கு வருகிற தையில் கல்யாணம் கூடும் போலிருக்கிறது. தேதி இன்னும் குறிக்கவில்லை. அலங்காரம் நீதான் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். எந்த மென்பொருளிலும் தேதியில்லாமல் பதிய முடியாது, அதனால் தை மாதப் பக்கத்தின் மேலே பென்சிலால் அவளுக்கு ஓர் இடம் எழுதி வைத்துக்கொள்.

உன் பழைய ரூம்மேட்