விண்ணப்பம் அக்டோபரில், விசாரிப்பது மே மாதத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலை, வடிவமைப்புப் படிப்புகள் பற்றி நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் வரும் கட்டுரைகள் பயனுள்ளவைதான். ஆனால் அவை பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வெளியாகும் சமயத்தில் வருகின்றன. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான் இது. ஐஐடிகளில் பி.டெஸ். (வடிவமைப்பில் இளநிலைப் பட்டம்) சேர்வதற்கான யூசீட் நுழைவுத் தேர்வுக்கு அக்டோபரில் விண்ணப்பம் தொடங்குகிறது, ஜனவரியில் தேர்வே முடிந்துவிடுகிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான நிஃப்ட் ஆகியவற்றின் முதல்கட்டத் தேர்வுகளும் பொதுத்தேர்வுக்கு முன்பே நடப்பவை. செப்டம்பர் கடைசியில் இந்தத் தேதிகளை ஒரு அட்டவணையாக வெளியிட்டால், வெட்டி எடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம்.

அதில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். அகமதாபாத் நிறுவனம், நிஃப்ட் ஆகியவற்றின் பி.டெஸ். படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம்; ஐஐடிகளில் சில மட்டும் அறிவியல் பிரிவு கேட்கும், மற்றவற்றுக்கு எந்தப் பிரிவும் சரி. கணக்கும் இயற்பியலும் கட்டாயமாகக் கேட்பது கட்டடக்கலைப் படிப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வணிகவியல் பிரிவுப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த பிறகும் விண்ணப்பிக்க முடிவது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஓவியம், சிற்பம் தவிர சுடுமண் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கரிகிரி மண்பாண்டமும் ஆரணிப் பட்டும் குடியாத்தம் லுங்கியும் இருக்கிற பழைய வடஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது?

இந்தத் தேர்வுகளுக்குப் படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. நிஃப்ட்டின் இரண்டாம் கட்டத்தில், கொடுத்த பொருள்களை வெட்டி ஒட்டி ஒரு மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். கத்தரியும் கட்டரும் பிடித்துப் பழகாத கை அங்கே திணறும். பழக்கம் எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கழிகிற அப்பர் தோல் (ஷூவின் மேல்பகுதிக்கான தோல்) துண்டு இருந்தால் போதும்.

ஒரு பர்ஸையே எடுத்துக்கொள்வோம். 500 ரூபாய் நோட்டின் அளவு 150 × 66 மி.மீ. பெரும்பாலான பிள்ளைகள் தோலையும் அதே நீளத்துக்கு வெட்டுவார்கள். இரு ஓரமும் 4 மி.மீ. உள்தள்ளித் தைத்ததும் உள்ளே மிஞ்சுவது 142 மி.மீ. நோட்டு நுழையாது. தையலுக்கு 8, தாராளமாகப் போய்வர 6 என்று சேர்த்து 164 மி.மீ. வெட்ட வேண்டும். மடிப்பு மூடி வைத்தால் தோலின் கனத்துக்காக (அப்பர் தோல் பொதுவாக 1.2 முதல் 1.4 மி.மீ.) மூடியில் இன்னும் 2, 3 மி.மீ. கூட்ட வேண்டும். முதலில் பழைய ஃபைல் அட்டையில் பேட்டர்ன் வெட்டி, நோட்டை வைத்துப் பார்த்து, பிறகுதான் தோலில் கை வைக்க வேண்டும். துளைகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், நெருக்கினால் அந்தக் கோட்டிலேயே கிழியும். இரண்டு ஊசி கொண்டு தைப்பதற்குத் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் பிடிக்கும். வார் வெட்டுவதற்கு முன் துண்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், அதில் வெட்டிய வார் சில வாரங்களில் தொங்கிவிடும். ஆறு பேருக்கு ஓர் இரும்பு அளவுகோல், ஒரு கட்டர், துளை போடும் பஞ்ச், சுத்தி, அடியில் வைக்க ஒரு பலகை போதும். ஷூ ஒட்டும் பசையை மட்டும் வகுப்புக்குள் விடவே கூடாது. அதன் ஆவி மூடிய அறையில் தலை சுற்ற வைக்கும், பிள்ளைகளுக்கு முகரும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலின் மிச்சத்தைக் குப்பையோடு எரிக்கவும் கூடாது, எரித்தால் நச்சுள்ள குரோமியமாக மாறக்கூடும்.

களிமண்ணிலும் கணக்கு உண்டு. ஈரமான பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்த பின்பும் சுட்ட பின்பும் அளந்தால் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்துவிடும். பானைக்கு மூடி பொருந்தாமல் போவது இந்தச் சுருக்கத்தால்தான்.

இனி த்ரீடி பிரிண்டர். பள்ளிகளில் பிள்ளைகள் கருவிகளோடு செய்து பழகக் கூடம் அமைக்கும் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்பது ஏற்பாடு. அதில் 10 லட்சம் கருவிகளுக்கு, மீதி ஐந்தாண்டு நடத்தும் செலவுக்கு. அப்படி வந்த பிரிண்டர் முடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடக்கும் பிஎல்ஏ பிலமெண்ட் (அச்சிடப் பயன்படும் பிளாஸ்டிக் இழை) ஈரம் குடித்து, அச்சாகும்போது படபடவென்று வெடித்து நூல் நூலாக வரும். சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் தப்பும். வேலூர் வெயில் ஏறும் மார்ச், ஏப்ரலில் பிரச்சினை வேறு. கூண்டு மூடிய மாடலில் பிலமெண்ட் நாசிலுக்கு (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) மேலேயே இளகி அடைத்துக்கொள்ளும், அதனால் கதவைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். முதல் அடுக்கு ஒட்டவில்லை என்றால் தட்டில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நாசிலுக்கும் தட்டுக்கும் நடுவே ஓர் ஏ4 தாள் லேசாக உரசிச் செல்லும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். மின்தடையில் நாலு மணி நேர வேலை பாழாகாமல் இருக்க யூபிஎஸ் வேண்டும்.

இதெல்லாம் 45 நிமிடப் பீரியடில் நடக்காது. பொருளை எடுத்து வைக்கவும் திரும்ப அடுக்கவுமே பாதி நேரம் போய்விடும். வாரம் ஒரு முறை இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல வேண்டும். 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய, தையல் ஆசிரியர்களுக்கு வாரத்தில் சில நாள்தான் வேலை. கால அட்டவணை போடுபவர்கள் அந்த நாள்களில் ஒன்றில் இரட்டைப் பீரியடை வைத்து, லேப் சாவியில் ஒன்றை அவர்களிடமும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய, கைத்தொழில் ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.