அந்தப் பத்து நிமிடங்களுக்காக ஒரு நன்றி மடல்

பனிமலை வழிகாட்டிகளுக்கும், பனிச்சரிவு முன்னறிவிப்பாளர்களுக்கும், பயிற்சி ஆசிரியர்களுக்கும், மீட்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பனிச்சரிவில் முழுவதுமாகப் புதைந்தவர்களை 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்துவிட்டால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் மிஞ்சுவதே அரிது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான கணக்கு இது. முன்பு 18 நிமிடம்வரை அவகாசம் உண்டு என்று சொல்லிவந்தோம். அதில் எட்டு நிமிடம் போய்விட்டது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைந்தாலும் இந்த நேரத்துக்குள் வந்து இறங்குவது அபூர்வம். ஆகவே தோண்டப்போவது உடன் வந்தவர்கள்தான். அவர்களுடைய கைகளைப் பழக்கியவர்களும் நீங்கள். அந்தக் கைகளுக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்பவர்களும் நீங்கள். பனிக்காலம் முடிகிற இந்த வேளையில் உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில், விடிவதற்குள் எழுந்து பனியை அளக்கும் கண்காணிப்பாளர்களுக்கு. புதிதாக விழுந்த பனி எத்தனை செ.மீ., அதில் எவ்வளவு நீர், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று நாள் தவறாமல் குறிக்கிறீர்கள். குழி வெட்டி, 10 செ.மீ.க்கு ஒரு முறை வெப்பநிலை பார்க்கிறீர்கள். அந்தப் 10 செ.மீ.க்குள் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அங்குள்ள பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையை இழந்து, சர்க்கரைபோல் உதிரும் படிகங்களாக மாறத் தொடங்கும். அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி பலகையாக இறுகிவிட்டால், ஒருவர் ஏறி நிற்கும் எடை போதும். அடியில் விரிசல் ஓடி, பலகை மொத்தமாகக் கழன்றுவிடும். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான்.

இந்த அளவுகளை வைத்து அறிக்கை எழுதும் முன்னறிவிப்பாளர்களே, உங்கள் எழுத்தைப் பலரும் ஓர் எண்ணாகச் சுருக்கிப் படித்துவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு வருத்தம். ஐந்து நிலை அபாய அளவுகோலில் 3 என்றால் ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிலைக்கு நிலை அபாயம் மடங்காக ஏறுகிறது. உயிர்ச்சேதம் அதிகம் நிகழ்வதும் 3-ஆம் நிலையில்தான், ஏனென்றால் 4-இல் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எண்ணுக்குக் கீழே நீங்கள் எழுதும் இரண்டு வரிகள்தான் உயிர்நாடி: எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசையைப் பார்த்த சரிவுகளில், எந்த வகைச் சிக்கல். அந்த வரிகளை அவ்வளவு தெளிவாக எழுதுவதற்கு நன்றி.

வழிகாட்டிகளே, உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில் பலகைப் பனி கழல்வது அரிது. 35-க்கும் 45-க்கும் இடையில்தான் ஆபத்து குவிந்திருக்கிறது. சறுக்குவதற்கு மிக இனிமையான சரிவும் அதுவே. கட்டணம் கட்டியவர்கள் பின்னால் நிற்க, வானம் தெளிந்திருக்க, பக்கத்துச் சரிவில் பிறர் சறுக்கிப்போன தடம் மின்ன, ‘இன்று இது வேண்டாம்’ என்று திரும்புகிறீர்களே, அதற்காகத்தான் முதல் நன்றி. பிறர் தடம் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. பலகையின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஒன்பது பேரைத் தாங்கிய சரிவு, பத்தாமவர் மெல்லிய இடத்தை மிதித்ததும் உடையலாம்.

காலடியில் ‘வூம்’ என்று பனி அமுங்கும் ஓசை, ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், எதிர்ச் சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு. சரிவு ஆபத்தானது என்று அறிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், குழி வெட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். குழி வெட்டும்போதும் எதை நம்புவது என்று சொன்னீர்கள். பனிச்சரிவு ஆய்வாளர்கள் ரான் சிமென்ஹாய்ஸும் கார்ல் பர்க்லண்டும் வகுத்த சோதனையில் சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவுள்ள பனித் தூணைத் தனியாக வெட்டி, ஒரு முனையில் மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் தூணின் மறுமுனைவரை ஓடிவிட்டால், சரிவு ஆபத்தானது என்ற அந்த விடையை அப்படியே நம்பலாம். ஓடவில்லை என்றால் அந்த ஒரு குழிக்கு மட்டுமே அது விடை. இருபது மீட்டர் தள்ளி வேறு கதை இருக்கும்.

செங்குத்தான இடத்தில் ஏறும்போது ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி. இறங்கும்போது ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர். ஸ்கீ கழியின் வாரில் கை மாட்டியிருக்கக் கூடாது. கீழே பள்ளமோ பாறையோ மரங்களோ இருந்தால் சிறு பனிச்சரிவும் கொல்லும். இவற்றை அலுக்காமல் ஒவ்வொரு நாளும் சொல்கிறீர்கள். பனியாற்றில் இருவர் மட்டும் கயிற்றில் போனால் நடுவில் முடிச்சுகள் போட வைக்கிறீர்கள். ஒருவர் வெடிப்பில் விழுந்தால் அந்த முடிச்சுகள் பனி விளிம்பில் சிக்கி இழுப்பைத் தாங்கும். சிகர ஏற்றத்துக்கு நள்ளிரவு தாண்டியதும் எழுப்பும்போது முணுமுணுப்பவர்கள்கூட, வெயில் ஏறிப் பாறைகள் உருளத் தொடங்கும் நேரத்தில் கீழே நிற்கும்போது உங்களை வாழ்த்துவார்கள்.

பயிற்சி ஆசிரியர்களே, ட்ரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), ப்ரோப் கம்பி (பனியில் குத்தித் தேடும் கம்பி), ஷவல் (பனிவாரி) மூன்றும் பையில் இருந்தால் மட்டும் போதாது என்று புரியவைத்தவர்கள் நீங்கள். ட்ரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. பக்கத்தில் கைபேசி இருந்தால் குழம்பும். அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. விலக்கம் வேண்டும். விபத்தில் முதல் தவறு இங்கேயே நடக்கலாம்: தேடுகிறவர்களில் ஒருவர் தன் கருவியை அனுப்பும் நிலையிலேயே விட்டுவிட, மற்றவர்கள் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தவறு அவசரம். கருவி காட்டும் தூரம் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் கருவியைப் பனிமட்டத்துக்குத் தாழ்த்தி, திருப்பாமல், மெதுவாக, முன்பின்னும் இடவலமுமாகச் சிலுவைக் கோட்டில் நகர்த்த வேண்டும். ஓடி வந்த வேகத்திலேயே நகர்த்தினால் கருவி பின்தங்கிய எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக விரிந்து போக வேண்டும். பட்டதும் பிடுங்கக் கூடாது. தோண்டுவதுதான் நேரத்தை விழுங்கும் வேலை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன் அளவுக்குப் பனியை அகற்ற வேண்டியிருக்கும், அதுவும் சரிந்து வந்து நின்ற நொடியில் கான்கிரீட்போல் இறுகிய பனி. கம்பிக்கு நேர் மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவரின் மூச்சு இடத்தை மிதித்து நசுக்குவோம். கீழ்ப்பக்கமாக இறங்கி நின்று, பக்கவாட்டில் வெட்டி உள்ளே போக வேண்டும். பனிச்சரிவு மீட்பு வல்லுநர் மானுவல் கென்ஸ்வைன் பரப்பிய முறைப்படி எல்லோரும் ‘வி’ வடிவில் நின்று, முன்னவர் வெட்ட, பின்னவர்கள் பனியைத் தூக்காமல் துடுப்புப் போடுவதுபோல் பின்னுக்குத் தள்ள, சில நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொண்டால் குழு களைக்காது. பிளாஸ்டிக் ஷவல் இந்தப் பனியில் வளையும், உடையும். உலோகம்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி!

மீட்புக் குழுவினரே, மருத்துவர்களே, நாய்களுடன் வருபவர்களே: முகம் வெளிப்பட்ட கணத்தில் வாயும் மூக்கும் பனியால் அடைபட்டிருந்தனவா என்று பார்த்து நினைவில் வைக்கச் சொன்னீர்கள். மூச்சு வழி திறந்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் புதைந்து, உடல் 30 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோனவருக்கு நாடி இல்லாவிட்டாலும் நம்பிக்கை இருக்கலாம் என்பதால், அந்த ஒரு தகவல் எந்த மருத்துவமனைக்கு என்பதையே தீர்மானிக்கும். நாடியின்றிக் கிடப்பவருக்கு நெஞ்சை அழுத்துவதோடு மூச்சும் ஊத வேண்டும், முதலில் மூச்சு, என்று எங்கள் மண்டையில் ஏற்றியதும் நீங்களே.

தங்கள் தவறை மறைக்காமல், எந்தச் சரிவில், எந்த முடிவு பிசகியது என்று விபத்து அறிக்கையாக எழுதித் தந்தவர்களுக்குத் தலைவணங்குகிறோம். இந்த மடலில் உள்ள ‘கூடாது’ ஒவ்வொன்றுக்கும் பின்னால் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது.

மேலேறும்போது ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஸ்கின் பட்டைகளை உலர்த்திக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டோம். பேட்டரி கசிந்து கருவி பாழாகாமலிருக்க ட்ரான்ஸீவர்களிலிருந்து கழற்றியாயிற்று. முதல் பனி விழுந்ததும் புது அல்கலைன் பேட்டரி போட்டுக்கொண்டு, பயிற்சித் திடலில் ஷவலுடன் நிற்போம்.

நன்றியுடன்,
உங்கள் தடத்தைப் பின்தொடரும் மலையேறிகளும் பனிச்சறுக்குத் தோழர்களும்