மாத்திரை முடிந்ததும் மறுசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அல்சர் கட்டுரையைப் படித்தேன். காரம், காபி, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் சரி, ஆனால் இரைப்பையில் தங்கி அல்சரை உண்டாக்குகிற ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு ஒரே ஒரு வரியா? இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமே அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது.

கிருமி இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் 1526 பேரைச் சராசரியாக 7.8 வருடம் கவனித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இருந்த 1246 பேரில் 36 பேருக்கு வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

என் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் பிள்ளைகளும் இந்தக் கிருமிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இது பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிற கிருமி. தென்கொரியாவில் பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்த, தங்களுக்கும் கிருமி இருந்த 1676 பேரில் ஒரு பாதிக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தும் இன்னொரு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒன்பது வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 2.7 சதவீதம் பேருக்குப் புற்றுநோய், மருந்து சாப்பிட்டவர்களில் 1.2. அப்புறம் இன்னொன்றையும் பார்த்தார்கள்: கிருமி உண்மையிலேயே ஒழிந்தவர்களில் 0.8 சதவீதம், ஒழியாமல் தங்கியவர்களில் 2.9.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். 14 நாள் மாத்திரை என்று எழுதிக் கொடுப்பார்கள், இரண்டாம் நாளே இரும்பைச் சப்பினது போல வாயெல்லாம் கசக்கும், சிலருக்குப் பேதியும் ஆகும், ஐந்தாறு நாளில் வயிற்றுவலி விட்டதும் மிச்ச அட்டை ஃபிரிட்ஜ் மேலே போய்விடும். தப்பித்த கிருமிக்கு அப்புறம் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இதற்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்குகளான கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் இரண்டையும் தாங்கி நிற்கிற கிருமிகள் இந்தியாவில் ஏற்கெனவே அதிகம். அதனால் கோர்ஸ் முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை கூடாது, போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

புற்றுநோய் வந்த பிறகு கிருமியைக் கொன்று என்ன பயன் என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். பயன் இருக்கிறது. ஆரம்பநிலைப் புற்றை எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்தவர்களிடம் செய்த இன்னொரு கொரிய ஆய்வில் (2018), மருந்து கொடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்குத்தான் இரைப்பையில் வேறொரு புற்று வந்தது, கொடுக்காதவர்களில் 13.4. பாதியாகக் குறைகிறது, ஆனாலும் பூஜ்யம் ஆகவில்லை, காரணம் பல வருட அழற்சியில் மெலிந்து மாறிப்போன இரைப்பைச் சுவர் கிருமி போனதும் பழையபடி ஆகிவிடுவதில்லை. அவர்கள் எண்டோஸ்கோபியை விடவே கூடாது.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இரைப்பை பல வருடமாக முன்வரிசையில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் எந்தச் சோதனையை எப்போது எடுக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் எங்கே கிடைக்கும் என்று ஒரு இரைப்பைக் குடல் நிபுணரிடம் கேட்டு முழுக் கட்டுரையாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை