தெற்குப் பால்கனியும் வடக்குப் பால்கனியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதத் தொடக்கத்தில் தங்கள் ஞாயிறு இணைப்பில், தொங்கும் தொட்டிகளில் செடி வளர்ப்பது பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. நானும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். ஆனால் அதில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்த எங்கள் கீழ் வீட்டுத் தம்பியின் நான்கு தொட்டிகளில், மூன்று வாரம் ஆகியும் ஒரு மொட்டுகூட விரியவில்லை. "பேப்பர்ல போட்ட மாதிரிதானேம்மா செஞ்சேன்?" என்று என்னிடம் வந்து நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையில் இரண்டு யோசனைகள் இருந்தன. பனிக்காலம் முடிந்ததும் மே மாதக் கடைசியில் தொட்டிகளை வெளியே தொங்கவிட வேண்டும் என்பது ஒன்று. வெயில் கேட்கும் செடிகளைத் தெற்குப் பக்கத்திலும், நிழல் கேட்கும் செடிகளை வடக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியான யோசனைகள்தான், இங்கிலாந்தில்.

என் மகன் லீட்ஸில் இருக்கிறான். ஒரு ஜூன் மாதம் அங்கே போயிருந்தபோது கடைத்தெருவில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் பூந்தொட்டி தொங்கியது. பெட்டூனியா, லொபிலியா, ஃபியூஷியா. காலையில் ஒரு சின்ன டேங்கர் வண்டி வரும். நீளமான குழாயை உயர்த்தி ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, ஆனாலும் வெயில் சுடவில்லை. நான் அங்கே சால்வையைக் கழற்றவே இல்லை. மே கடைசி வரை திடீரென்று உறைபனி விழும் பயம் இருப்பதால் அதற்குப் பிறகுதான் தொட்டியை வெளியே விடுவார்கள். அக்டோபரில் வாடியதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சூரியன் வருடம் முழுக்கத் தென் வானத்தில்தான் உச்சிக்கு வரும். ஆகவே தெற்குச் சுவர்தான் வெயில் சுவர்.

மதுரைக்கு அது பொருந்தாது. இங்கே சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தின் நிழல் அன்று மதியம் பன்னிரண்டேகால் மணி வாக்கில் காலடிக்குள் ஒடுங்கிப்போவதைப் பேத்தியோடு நின்று பார்த்திருக்கிறேன். அதற்கு மறுநாள் முதல் நடுப்பகல் நிழல் தெற்கே சாய ஆரம்பிக்கும். அதாவது சூரியன் வடக்கே போய்விட்டது. ஆவணி பத்து வாக்கில்தான் திரும்பவும் தலைக்கு மேல் வரும். ஆக, ஊரே வெந்துகொண்டிருக்கும் வைகாசியிலும் ஆனியிலும் தெற்குப் பால்கனியில் நேர் வெயில் துளியும் விழாது. மார்கழி முழுக்கக் குளுகுளுவென்று நிழலாக இருந்த வடக்குப் பால்கனிதான் அப்போது அடுப்பாகிவிடும்.

கீழ் வீட்டுத் தம்பி வைத்தது டேபிள் ரோஸ். சிலர் பத்து மணிப் பூ என்பார்கள். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெயில் முகத்தில் அறைந்தால்தான் பூ விரியும். அதைக் கொண்டுபோய்த் தெற்கே மாட்டினால் எப்படிப் பூக்கும்? நான் மட்டும் புத்திசாலி என்று நினைக்க வேண்டாம். மதுரைக்கு வந்த முதல் வருடம் வடக்குப் பக்கம்தான் நிழல் என்று நம்பி ஐந்து ஸ்பைடர் பிளான்ட்டுகளை அங்கே தொங்கவிட்டேன். ஜூன் மாதம் இலை நுனியெல்லாம் அப்பளம் மாதிரிப் பொரிந்துபோயின.

நான் ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் புடவைப் பெட்டியோடு செடிகளும் கூடவே வந்தன. 1986-லிருந்து ஏழு வருடம் ஊட்டி. குவார்ட்டர்ஸ் தாழ்வாரத்தில் ஃபியூஷியா தொங்கவிட்டிருந்தேன். ஜிமிக்கி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பூ என்பதால் எங்கள் வீட்டில் அதற்கு ஜிமிக்கிச் செடி என்றே பெயர். 2,240 மீட்டர் உயரத்தில் அதற்கு எந்தக் குறையும் இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனி ஒன்றுதான் எதிரி. அதிலும் ஒரு விஷயம் கவனித்தேன். ஓட்டுச் சரிவுக்கு அடியில் தொங்கியவை பிழைத்துக்கொண்டன, இரண்டடி தள்ளி வானம் பார்க்கத் தொங்கியவை விடிகாலையில் கருகிக் கிடந்தன. தரையின் சூடு இரவில் வானத்துக்குத் தப்பிப் போகாமல் கூரை கொஞ்சம் மறித்துக்கொள்வதால் இப்படி. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் இந்த ஜிமிக்கியைப் பார்த்து மயங்கி வாங்கிப் போவார்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் அதற்கு ஆயுள் குறைவு. தென் அமெரிக்க மலைகளில் பிறந்த செடி அது. பகல் சூட்டையாவது ஓரளவு பொறுக்கும், இரவும் புழுங்கினால் தாங்காது. நானே 1993-ல் தூத்துக்குடிக்கு மூன்று செடிகளை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒன்பதாம் நாள் மூன்றும் போயின.

தூத்துக்குடி வேறு விதமாகப் பாடம் நடத்தியது. அங்கே வெயிலைவிட உப்புதான் பிரச்சினை. எங்களுக்குக் கிடைத்த ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும். தரையில் இருக்கும் செடிக்கு உப்பு கீழே இறங்க இடம் உண்டு, தொங்கும் தொட்டியில் இருக்கிற ஒரு சாண் மண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வாரம் ஒருமுறை அடியில் நன்றாக ஒழுகும்வரை ஊற்றி அலசிவிட வேண்டும். முடிந்தால் மழைத் தண்ணீரால். போதாததற்கு ஆடி மாத மேல்காற்று. அம்மியே பறக்கும்போது தொட்டி எம்மாத்திரம்? ஆனி கடைசியிலேயே எல்லாவற்றையும் இறக்கித் தரையில் சுவரோரமாக வைத்துவிடுவேன்.

எடையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. பழைய பேப்பர் வாங்க வருகிறவரின் தராசில் என் பத்து அங்குலத் தொட்டியை மாட்டிப் பார்த்தேன். செம்மண்ணும் எருவும் போட்டது, தண்ணீர் ஊற்றிய பிறகு 8 கிலோ. பாதிக்குப் பாதி தென்னை நார்க் கழிவு கலந்தது 5 கிலோதான். ஐந்தாவது மாடியில் துணிக்கொடி கம்பியில் எட்டுக் கிலோவைத் தொங்கவிட்டுக் கீழே பிள்ளைகள் விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். நார்க் கழிவையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், அதிலும் உப்பு இருக்கும்.

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மதுரைக்கு ஆகவே ஆகாது. மதியம் தொட்டுப் பார்த்தால் கை சுடும், வேர் என்ன பாடுபடும்? அம்மா வீட்டில் தயிர்ப் பானை தொங்கிய பழைய உறி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியை வைத்துப் பெரணி வளர்க்கிறேன். மண்சட்டி வியர்ப்பதால் வேருக்குக் குளிர்ச்சி. ஆனால் ஈரமும் சீக்கிரம் போய்விடும், கத்திரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். ஊற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மண் நன்றாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் கீழே ஓடிவிடும், தரை ஈரமாகும், வேர் காய்ந்தே கிடக்கும். அந்த மாதிரி சமயத்தில் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று தெரிய, அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் போதும். லேசாக இருந்தால் தாகம்.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். தண்ணீர் சொட்டாமல் இருக்கக் கடையில் அடித்தட்டோடு சேர்த்தே விற்கிறார்கள். போன ஐப்பசியில் கொசுப்புழு பார்க்க வந்த பெண், நாற்காலி போட்டு ஏறி என் தட்டில் டார்ச் அடித்தாள். உள்ளே புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தலைக்கு மேலே இருப்பதால் நமக்குக் கண்ணில் படாது. அன்றே எல்லாத் தட்டுகளையும் கழற்றிப் போட்டேன். சொட்டினால் சொட்டட்டும், கீழே ஒரு வெண்டைச் செடி வைத்துவிட்டேன்.

தங்களிடம் கேட்பது இதுதான். இப்படிப்பட்ட கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது மாதத்தையும் திசையையும் சேர்த்து நம் ஊருக்கு மாற்றிப் போடுங்கள். பெட்டூனியா வேண்டுமென்றால் கார்த்திகையில் நாற்று வைத்துத் தை, மாசியில் பார்க்கலாம் என்று எழுதுங்கள். மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, எங்களைப் போன்ற வறண்ட ஊருக்கு ஒன்று என்று மூன்று பெட்டிச் செய்தி போட்டாலும் போதும். எழுத ஆள் கிடைக்காவிட்டால், அந்தந்த ஊர் வாசகர்களிடமே கேட்டு வாங்கலாம்.

எங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. என் வீட்டுப் பால்கனி வடக்குப் பார்த்தது, தம்பியுடையது தெற்குப் பார்த்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய டேபிள் ரோஸ் நான்கும் மேலே வந்தன, என் ஸ்பைடர் பிளான்ட்டுகளும் பெரணியும் கீழே போயின. ஆவணி பத்துக்கு மேல் அவரவர் தொட்டியை அவரவர் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. உறியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை.