எல்லார் நாடியும் 72

அன்புள்ள கலா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரத்த ஓட்டப் பாடம் தொடங்குமுன் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் நோட்டில் 72! படியேறி மூச்சிரைக்க வந்தவனுக்கும் 72. யாரும் எண்ணவே இல்லை, கலா. புத்தகத்தில்தான் இருக்கிறதே, எண்ணுவானேன் என்று விட்டுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. செய்முறைக்கு முந்தின நாளே விடையோடு ரெக்கார்டு நோட்டை எழுதி முடிக்கத்தானே பழக்கியிருக்கிறது? தன் உடம்பை நம்பாமல் அச்சடித்த எண்ணை நம்புகிற பிள்ளைகளைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து மறுபடி எண்ண வைத்தேன். 64, 81, 90 என்று ஆளுக்கொன்றாக வந்தது. மைதானத்தில் ஓடிவிட்டு வந்தவளுக்கு 140. "இதில் எது மிஸ் சரி?" என்று கேட்டாள் ஒருத்தி. அப்போதுதான் பாடமே ஆரம்பித்தது என்பேன்.

அப்புறம் நம் தாமோதரன் சாரின் கை வித்தை. மேல்கையில் துணியை இறுக்கிக் கட்டி முஷ்டியை மூடினால் முன்கைச் சிரை புடைக்கும்; அங்கங்கே சின்ன முடிச்சு தெரியும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி ஒரு முடிச்சைத் தாண்டி வழித்துவிட வேண்டும். மேல்விரலை எடுத்தாலும் இரத்தம் திரும்பி இறங்காது. வழித்த இடம் வெறுமையாகக் கிடக்கும். கீழ்விரலை எடுத்த கணமே நிரம்பிவிடும். 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி வெளியிட்ட நூலின் படத்தில் இருப்பதும் இதே கைதான். அந்த முடிச்சுதான் வால்வு, அது ஒருவழிப் பாதை என்று நான் வாய் திறக்கவே இல்லை, அவர்களே சொன்னார்கள்.

அதோடு விட்டார்களா? இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் சுமார் 70 மில்லிலிட்டர் என்று மட்டும் சொன்னேன். பெருக்கினார்கள், நிமிடத்துக்கு 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! கல்லீரல் புது இரத்தம் செய்துகொண்டே இருக்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பியதை ஹார்வி கவிழ்த்ததும் இப்படி ஒரு கணக்கை வைத்துத்தான். கடைசி பெஞ்சுப் பையன், "அப்போ அதே இரத்தம்தான் சுற்றுது" என்றான். ஐந்து வண்ணச் சாக்பீஸில் நீ வரையும் இதயம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இந்த வாக்கியத்தை வரவழைக்குமா, சொல்லு!

இந்த நேரத்தில்தான் செய்முறை வகுப்பைக் குறைத்து அந்த இடத்தில் காணொளி போடலாம் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. இதயம் உள்ளே சுருங்கி விரிவதைக் காட்டக் காணொளி வேண்டும்தான். ஆனால் காணொளியில் நாடி எப்போதும் 72 ஆகவே இருக்கும். நான் எழுத்திலேயே மறுப்புக் கொடுக்கப் போகிறேன்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பரம்பரைப் பண்பைக் காட்ட, நாக்கைக் குழல்போல் மடிக்க வருகிறதா என்று அப்பா, அம்மாவையும் கேட்டு அட்டவணை போடும் வீட்டுப்பாடத்தை நீ இன்னும் கொடுக்கிறாயா? தயவுசெய்து நிறுத்திவிடு. அப்பா கூட இல்லாத பிள்ளை அந்தக் கட்டத்தில் எதை எழுதும்? பொய்யைத்தான் எழுதும். அறிவியலாகவும் அது தேறாது. ஒரே மரபணுக்கள் கொண்ட ஒருகரு இரட்டையரிலேயே ஒருவருக்கு மடியும், மற்றவருக்கு மடியாது என்று 1952இலேயே காட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் சொந்த உடம்பே பாடமாகும்போது தவளையை வைத்துச் செய்ததைவிட நூறு மடங்கு பதமாக நடக்க வேண்டும். எடை பார்க்கும் வகுப்பும் அப்படித்தான். அந்த எண்ணைச் சத்தமாக வாசிக்கவே கூடாது.

அடுத்த வாரம் ஆட்டு இதயம். இடக் கீழறைச் சுவரையும் வலக் கீழறைச் சுவரையும் விரலிடுக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, எது உடம்பு முழுக்கத் தள்ளுகிறது என்று அவர்களே சொல்லட்டும். தொட மனசில்லாத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன், சும்மா உட்கார வைக்கவும் பிடிக்கவில்லை. நீ அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பாய், மதிப்பெண் எப்படிப் போடுவாய்? வெள்ளிக்கிழமைக்குள் எழுதிப் போடு.

அன்புடன்,
வசந்தி